நாலு வயிறு என்றால் நாலு படி சோறா?

'மாட்டுக்கு நாலு வயிறு, எதைப் போட்டாலும் செரித்துவிடும், மாட்டுப் பொங்கலன்று வயிறு முட்டச் சோறு வைக்கலாம்' என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, இருப்பது ஒரே வயிறுதான், அதில் நாலு அறை. நம் இரைப்பை போல அமிலம் சுரந்து செரிப்பது நாலாவது அறை மட்டுமே. வைக்கோல் நாரை உடைக்கிற நொதி மாட்டுக்குச் சுரப்பதே இல்லை; 100 லிட்டருக்கு மேல் பிடிக்கிற முதல் அறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதை நொதிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன, மாடு அசை போடுவதும் அதுகளுக்கு நாரை அரைத்துக் கொடுக்கத்தான், கூடவே இறங்குகிற உமிழ்நீர் உள்ளே புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளும்.

சோறு அப்படி இல்லை. மாவுச்சத்து சட்டென்று நொதித்து லாக்டிக் அமிலமாகக் குவியும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகும், அசை நிற்கும், முற்றினால் மாடே போய்விடும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுப் பசு ஒரு வருஷம் வந்தவர் போனவர் எல்லாரும் ஊட்டிய சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு மறுநாள் கழுநீர்த் தொட்டிப் பக்கம் தலையே வைக்கவில்லை. இடது விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளம் மறைந்து உப்பி, சாணி தண்ணீராகப் போனது. மாட்டு டாக்டர் வந்து சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார், அப்புறம் ரெண்டு நாள் வைக்கோல் மட்டும்தான்.

சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி ஊட்டுங்கள், சரி. பந்தியில் மிஞ்சிய அண்டாவைத் தொட்டியில் கவிழ்க்காதீர்கள்.