தன்னம்பிக்கை வகுப்புக்கு முன்னால்

வேலை தேடும் ஏழைப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஆளுமைப் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. "உன்னால் முடியும்னு நம்பு" என்று ஒருவர் மைக்கில் முழங்குவார், எல்லோரும் கை தட்டுவார்கள். பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வு வகுப்பு எடுப்பவள்தான் நானும். ஆனால் வேலை கிடைக்காததற்குக் காரணம் அந்தப் பிள்ளையின் மனசில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டு வகுப்புக்குள் நுழைவது பெரிய தப்பு.

செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன் என்று ஒன்றை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பெயர், ஊர் எல்லாம் சரளமாக வரும். "மை ஃபாதர் இஸ் எ..." என்ற இடத்தில் பல பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அப்பா கூலி வேலைக்குப் போகிறவராக இருப்பார், குடியால் செத்திருப்பார், இல்லை வீட்டை விட்டே போயிருப்பார். இங்கிலீஷ் தெரியாததால் வந்த தடங்கல் இல்லை அது. "சத்தமா சொல்லும்மா" என்று விரட்டினால் இன்னும் சுருங்கிப் போவாள். அப்பா வேலையை விடு, நீ செஞ்சதைச் சொல்லு என்றால் போதும். மகளிர் குழுவின் கணக்கு நோட்டை அம்மாவுக்காக எழுதிவந்தது, தம்பிக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குத் தனியாக அலைந்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கணக்கு, பொறுப்பு, ஆபீசில் போய்ப் பேசும் துணிச்சல், எல்லாம் அதில் இருக்கிறது. அதை வேலை கொடுப்பவரிடம் எடுத்துச் சொல்லப் பழக்குவதுதான் பயிற்சி.

வேலையில்லாமல் இருப்பதே மனிதரைத் தளர்த்திவிடும் என்பது புதிய சங்கதி இல்லை. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் துணி ஆலை மூடப்பட்ட பிறகு, 1930களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். கையில் நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடையே மந்தமாகிவிட்டிருந்தது. அதே ஊரில் 2020 அக்டோபரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நீண்டகாலம் வேலையில்லாதவர்களுக்கு இரண்டு மாதம் தயாரிப்புப் பயிற்சி, தனித்தனி ஆலோசனை, முடிந்ததும் உறுதியான வேலை. ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, பங்கேற்றவர்களின் வருமானத்தோடு மனநலமும் மேம்பட்டிருந்தது. வகுப்பு முடிந்த கையோடு வேலை காத்திருந்தது என்பதைத்தான் நான் அடிக்கோடிட்டுச் சொல்வேன்.

நம்மிடமும் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2014இல் வந்த தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்தில் 15 முதல் 35 வயது வரையுள்ள ஏழைக் கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி இலவசம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வயது வரை இடமுண்டு. தொழிலோடு ஆங்கிலம், கணினி, பேச்சுப் பயிற்சி எல்லாம் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எத்தனையோ பெண்கள் வேலைக்குக் கிளம்பியதே அதனால்தான். ஆனால் இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் ஊருக்குப் பஸ் இல்லை என்றால் எந்தத் தன்னம்பிக்கை அவளை வீடு சேர்க்கும்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கைக்குழந்தையோடு வேலை தேடும் பெண்களுக்கு எந்த வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம்?

வேலையில் சேர்ந்த முதல் மாதம்தான் ரொம்பக் கொடுமை. சம்பளம் மாதம் முடிந்த பிறகுதான் வரும். அதற்குள் ரூம் அட்வான்ஸ், மெஸ் காசு, பஸ் செலவு. வட்டிக்கு வாங்கிக்கொண்டு சென்னைக்கோ ஒரகடத்துக்கோ போகிற பிள்ளை, இரண்டு வாரத்தில் ஊர் திரும்பினால் "பொறுப்பில்லாதவன்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்த ஒரு மாதத்துக்குக் கையில் கொஞ்சம் பணமும், போன் அடித்தால் எடுத்துப் பேச ஓர் ஆளும் இருந்தால் பலர் நிலைத்துவிடுவார்கள்.

பயிற்சி மையம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முதல் நாள் மைக்கைக் கையில் எடுக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், சான்றிதழ்கள் கையில் இருக்கின்றனவா, வீட்டில் கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனிக்கு யாரை அனுப்புவது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.