சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கரண்ட் எங்கருந்து வரும்?

எங்க தாத்தா நீலகிரியில குந்தா நீர்மின் ப்ராஜெக்ட்டுக்கு டனல் வேலைக்கு வந்தவரு, அப்படியே இங்க மஞ்சூர்ல தங்கிட்டோம், மூணு தலைமுறை ஆச்சு. போன வாரம் ஒரு கல்யாண வீட்ல சொந்தக்காரர் ஒருத்தர் "எல்லா இடத்துலயும் சோலார் போட்டுட்டா முடிஞ்சுது, இனிமே அணை எதுக்கு"ன்னு கேட்டாரு. பந்தியில உக்காந்து முழுசா சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன்.

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டோட மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சு, அதுக்கு முன்னாடி அவ்ளோ போனதே இல்ல. பகல்ல சோலார் நல்லாவே கை குடுக்குது, ஆனா வெயில் இறங்குற நேரத்துலதான் வீட்டுக்கு வீடு லைட்டு ஏசி டிவி எல்லாம் ஓட ஆரம்பிக்குது. காத்தாலை மே மாசத்துலருந்து செப்டம்பர் வரைக்கும்தான் நல்லா சுத்தும். எங்க ஊரு டீ ஃபேக்டரியவே எடுத்துக்கோங்க, பகல்ல பறிச்ச பச்ச தேயிலை சாயங்காலம்தான் வந்து சேரும், ராத்திரி பூரா ஃபேன் போட்டு வாட்டியாகணும், ஃபேன் நின்னா இலை சூடேறி வீணாப்போயிடும்.

அதனால பகல் கரண்ட்ட சேத்து வைக்கணும், அதுக்கு இந்த மலையிலயே வழி இருக்கு. குந்தா நீரேற்று மின்திட்டம், 500 மெகாவாட். மேல போர்த்திமந்து அணை, கீழ அவலாஞ்சி எமரால்டு அணைங்க. கரண்ட் மிச்சமா இருக்கும்போது கீழ உள்ள தண்ணிய மேல ஏத்தி வெச்சுட்டு, தேவைப்படும்போது இறக்கி டர்பைன சுத்த விடுறது. 100 யூனிட் செலவு பண்ணி ஏத்தினா 75, 80 யூனிட்தான் திரும்ப வரும், வாஸ்தவம்தான். ஆனா மத்தியானம் வாங்க ஆளில்லாத கரண்ட்டு ராத்திரி நிலக்கரி எரிக்கிறத குறைக்குதுன்னா எனக்கு அது லாபம்தான். ஆனைமலை பக்கம் கடம்பாறையில 400 மெகாவாட்டுக்கு இதே முறைய 1980கள்லயே பண்ணிக் காட்டிட்டாங்க.

குந்தாவுல முக்கியமான விஷயம், ரெண்டு பக்கமும் அணை ஏற்கனவே இருக்கு, புதுசா எந்த ஊரும் முங்காது. இதே நீலகிரியில போடப்போறதா சொல்ற சில்லஹல்லா நீரேற்று திட்டம் அப்படி இல்ல. 1000 மெகாவாட்டுக்கான அந்தத் திட்டத்துக்கு புது அணை கட்டணும், கேரட் உருளைக்கிழங்கு போடுற நிலமும் தேயிலையும் போயிடும்னு ஊர்க்காரங்க எதிர்க்கிறாங்க, நானும் அவங்க பக்கம்தான். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டி மண்ணு சரிஞ்சப்ப இங்க இருந்தவங்களுக்குத் தெரியும், இந்த மலைய இன்னும் எவ்ளோ தோண்டலாம்னு. இதே மலையில பைக்காராவுல 1932லயே பவர் ஹவுஸ் ஓட ஆரம்பிச்சுது, கோயம்புத்தூர் மில்லுங்க வளந்ததுல அந்த கரண்ட்டுக்கு பெரிய பங்கு உண்டு. அப்பலருந்து குடுத்துட்டே இருக்கோம்.

குந்தா நீரேற்று திட்டத்த முதல்ல முடிங்க. ரிசார்ட்ல விடிகாலை ஓடுற கீசருக்கெல்லாம் சோலார் ஹீட்டர் வையுங்க. குந்தா அணையில தோட்டத்து மண்ணு அடிச்சுட்டு வந்து சேறா நிக்குது, மழை வந்தா சீக்கிரமே ரொம்பி தண்ணிய திறந்து விட வேண்டியிருக்கு. அந்த சேத்த எடுக்கச் சொல்லி மனு குடுக்கப்போறோம், கையெழுத்து போடுறவங்க சொல்லுங்க.