ரேம் வாங்க ஓடும் முன்
"நினைவகம் போதவில்லை" என்று மெய்நிகர் கணினி (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) சொன்னால் ரேமை (கணினியின் வேலை நினைவகத்தை) கூட்டுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நேற்று வரை ஓடியது, இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் படுத்துக்கொண்டால் ரேம் என்ன செய்யும்? 2014 அக்டோபரில் விண்டோஸ் 8.1-க்கு வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பின், ரேம் தாராளமாக இருந்த கணினிகளிலும் விஎம்வேர் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் இதே பிழையைக் காட்டியது. விஎம்வேரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துக் கணினியை மறுபடி தொடக்கியதும் சரியானது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடைக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து காலி நினைவகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். 8 ஜிபி கணினியில் 6 ஜிபியை மெய்நிகர் கணினிக்கே ஒதுக்கிவைத்திருப்பார்கள். 4 ஆக்கினால் பெரும்பாலும் எழுந்துவிடும். சம்பள நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் ரேம் வாங்க இன்னும் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) கேட்க எனக்கு வாய் வராது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் இயங்குதளப் புதுப்பிப்பையே நிறுத்தச் சொல்கிறார். அது பாதுகாப்புக்கு ஆபத்து, மெய்நிகர் மென்பொருளின் புதிய பதிப்பை முதலில் நிறுவிப் பாருங்கள்.