நல்ல பீரை ஷோகேஸில் நிறுத்திச் சாகடிக்காதீர்கள்

கோயமுத்தூராகட்டும், ஈரோடாகட்டும், திருப்பூராகட்டும், எங்கும் இதே கூத்துதான். வெளிநாட்டில் இருக்கும் மச்சானோ மருமகனோ ஆசையாகக் கொண்டு வந்து கொடுத்த பீர் பாட்டிலை ஹால் ஷோகேஸில் நிறுத்தி, மேலே விளக்கும் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார்கள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டால், "இருக்கட்டுமுங்க, பழசாகப் பழசாகத்தானுங்க ருசி" என்கிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வைகாசியில் பெரியப்பா மகன் வீட்டு விசேஷத்தில் அப்படி ஒரு பாட்டிலைத் திறந்தார்கள். ஷிமே கிராண்ட் ரிசர்வ். பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் காய்ச்சுவது. 9 சதவீத ஆல்கஹால், பாட்டிலுக்குள்ளேயே உயிரோடு ஈஸ்ட், லேபிளில் ஆண்டு. ஆண்டை எதற்குப் போடுகிறார்கள்? எடுத்து வைத்துப் பக்குவமாக்கிக் குடிக்கலாம் என்பதால்தானே! குளுமையான இடத்தில் இருந்திருந்தால் அதில் உலர்திராட்சையும் பேரீச்சையும் கருப்பட்டியுமாக வாசம் கூடியிருக்கும். எங்கள் மூக்குக்கு வந்தது நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் சோயா சாஸ் வாடையும். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குப் போயி இத்தனை விலையா?" என்று மிச்சத்தை வாஷ்பேசினில் ஊற்றினார். எனக்கு வயிறு எரிந்தது. மேற்கு வெயில் இறங்கும் சுவரில் கோடைக்குக் கோடை அதை வேகவிட்டுவிட்டு, பழியை மட்டும் பீர் மேல் போடுவது என்ன நியாயம்?

பீர் பக்குவமாக 10 முதல் 13 டிகிரி வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல். சித்திரையில் கரூரும் ஈரோடும் 40 டிகிரியைத் தொடுகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிறது என்று கோவைக்காரர்கள் பெருமைப்படலாம், அந்தக் காற்று உங்கள் ஹாலை 12 டிகிரிக்குக் கொண்டுவராது. சூடு 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்படியென்றால் 32 டிகிரி ஹாலில் ஒரு வருசம் என்பது என்ன கணக்கு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இதில் விளக்கு வேறு! பீருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹாப்ஸ் என்ற பூ. வெளிச்சம் பட்டால் அதன் கசப்புப் பொருள் உடைந்து நாற்றம் எடுக்கும். பழுப்பு பாட்டில் ஓரளவு தாங்கும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் தாங்கவே தாங்காது.

அடுத்த கோபம் அட்டாலிக்காரர்கள் மேல். சித்தப்பா ஒருவர் கடையில் வாங்கிய ஸ்ட்ராங் பீரை ஒரு பெட்டி அட்டாலியில் ஏற்றி வைத்திருக்கிறார். ஓட்டுக்கு நேர் கீழே. "இது ஸ்ட்ராங்கு கண்ணு, கெடாது. பழைய அரிசி, பழம்புளி மாதிரிதான்" என்கிறார். அரிசியும் புளியும் பழசானால் நல்லதுதான், யார் இல்லை என்றது? இது வடிகட்டி, சூடுபடுத்தி, ஈஸ்டே இல்லாமல் அடைத்த லாகர் வகை பீர். உள்ளே புகுந்த துளி ஆக்சிஜனைத் தின்ன ஆளில்லை. காலத்தைத் தாங்கும் கருமால்ட்டும் (முளைகட்டிக் கருக்க வறுத்த தானியம்) இல்லை, அடர்த்தியும் இல்லை. ஆல்கஹால் ஒன்றை மட்டும் நம்பி வைக்க முடியாது. பாட்டிலிலேயே 6 மாதம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறான், அதைப் படிக்கக்கூட மனசு வரவில்லை என்றால் என்ன செய்வது?

பெங்களூரிலிருந்து ஐ.பி.ஏ. என்ற ஹாப்ஸ் தூக்கலான பீரை வாங்கி வந்து 'ஸ்பெஷல் நாளுக்கு' என்று பூட்டி வைக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன். அதன் உயிரே ஹாப்ஸ் வாசம்தான். சில மாதத்தில் அது ஓடிப்போகும். சீக்கிரம் குடியுங்கள்.

வைத்துக் குடிக்கத் தகுந்த பீர்கள் இல்லாமல் இல்லை. பேரில் வைன் இருந்தாலும் கெட்டியான பீரேயான பார்லி வைன், கருப்பாக இருக்கும் இம்பீரியல் ஸ்டவுட், பெல்ஜியத்தின் கெட்டியான குவாட்ருப்பல், லாம்பிக் வகைப் புளிப்பு பீர். இங்கிலாந்தில் 1968-இல் வந்த தாமஸ் ஹார்டிஸ் ஏல் என்ற பார்லி வைன், வைக்க வைக்க மெருகேறும், 25 வருசமாவது தாங்கும் என்று லேபிளிலேயே சொல்லி விற்றது. பெல்ஜியத்தின் ஓர்வால் பீரில் ஆல்கஹால் 6.2 சதவீதம்தான், ஆனாலும் அதிலுள்ள பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் பாட்டிலுக்குள் மெல்ல வேலை செய்துகொண்டே இருப்பதால் மாதத்துக்கு மாதம் ருசி மாறும். இப்படி ஒன்று கைக்கு வந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் போய்க் கொலுப் பொம்மைக்குப் பக்கத்திலா நிறுத்துவது?

நிலவறை கட்டச் சொல்லவில்லை. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, வெளியே தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர் மாட்டி 12 டிகிரியில் நிறுத்துங்கள். எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிற சாமான்தான். பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், கொண்டுவந்த தேதியை ஒட்டுங்கள். அதற்கு வழியில்லையா? சமையலறை ஃபிரிட்ஜிலாவது ஓரமாய் வையுங்கள். பக்குவம் மெதுவாக வரும், ஆனால் கெடாது. வீட்டில் அதற்கும் விடமாட்டார்களா? சரி, வந்த மாதமே திறந்துவிடுங்கள். 750 மில்லி நாலு பேருக்குத் தாராளமாக வரும்.