கோட்டைக்கு முன்னம் நாவலர் வீதிக்குப் போங்கோ

வெயில் தாழ்ந்தால் யாழ்ப்பாணக் கோட்டை மதில் முழுக்கச் சனம். பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். வரட்டும். வருசக் கணக்காக அந்தப் பக்கம் எட்டியும் பார்க்க முடியாமல் இருந்த சனம் நாங்கள். அந்த மதிலில் பிள்ளைகள் ஓடித் திரிவதைக் காண எனக்கும் சந்தோசம்தான். என் ஆதங்கம் வேறு. வாறவர்களில் அநேகம் பேர் "ஒல்லாந்தர் கட்டின கோட்டை" என்ற ஒரு வரியோடு திரும்பிவிடுகிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வாற சொந்தங்களும் அப்படித்தான்.

மதிலுக்குக் கிட்டப் போய்க் கல்லைப் பாருங்கோ. முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். கடலுக்குள் உயிரோடு இருந்தபோது அது வளர்ந்த வரிகளும் சின்னச் சின்னக் கண்ணறைகளும் இன்னும் அப்படியே தெரியும். தடவினால் விரலில் சொரசொரக்கும். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கவிழ்த்த போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை நாற்சதுரம். 1658இல் மாதக் கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்த ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாக்கினார்கள். உட்கோட்டை 1680இல் முடிந்தது, வெளி அரண் வேலை 1792 வரை இழுத்தது. 1795இல் எல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

இவ்வளவும் மேல்கதை. அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. இதே கோட்டையில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டைப் பற்றிப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இலேயே எழுதிவிட்டார். பிறகு கோட்டைக்குள் நடந்த அகழாய்வுகளில் போர்த்துக்கேயர் காலத்துக்கு வெகு முந்திய மட்பாண்டங்களும் சீனத்துக் கலங்களின் ஓடுகளும் கிடைத்தன. அதாவது, வெள்ளைக்காரன் வெறுங்கடற்கரையில் கோட்டை கட்டவில்லை. ஏற்கெனவே கப்பல் வந்துபோன ஒரு துறையின் தலையில்தான் கட்டினான். பழைய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்த கற்களும் இந்த மதிலுக்குள் போயின என்று எங்கள் பெரியாக்கள் பரம்பரையாகச் சொல்லி வந்தார்கள். இதெல்லாம் தெரிந்தவனுக்கு அந்த மதில் வேறு மாதிரித் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் நாவலர் வீதி. நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்னால் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. சின்ன இடம். ஒல்லாந்தர் பீரங்கி, திமிங்கில எலும்பு, கந்தரோடையில் எடுத்த புத்தர் சிலைகளின் முண்டங்கள். அதுகளுக்கு நடுவே ஏழு வாய் வைத்த ஒரு மண்குடம், இசைக்கருவி! ஐந்து முகம் வைத்த திருவாரூர்ப் பஞ்சமுக வாத்தியத்தைக் கேள்விப்பட்ட ஆருக்கும் இதைக் கண்டால் கால் நகராது. எங்கள் மண்ணில் ஆரோ ஒருவர் அதை வாசித்திருக்கிறார், ஆரோ சுற்றியிருந்து கேட்டிருக்கிறார்கள்.

கந்தரோடையைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் 1917 தொடக்கம் கிண்டிப் பார்த்த இடம் அது. அங்கே இருக்கிற சின்னச் சின்னப் பௌத்தத் தூபிகளைக் காட்டினால் அரசியல் வந்துவிடும் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போகத் தயங்குகிற பெற்றோரை எனக்குத் தெரியும். தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தமிழர் நடுவிலும் பௌத்தம் இருந்தது என்பதை நாங்களே பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால், அந்த இடத்தின் கதையை மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய மாதிரிச் சொல்வார்கள்.

இனி கோட்டைக்கு வாங்கோ. உள்ளே 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம், இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடந்த 1990 சண்டையில் நொருங்கிப் போனது. பிறகு நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் திருத்தப்பட்டன. தேவாலயம் கற்குவியலாகவே கிடக்கிறது. அதைத் திரும்பக் கட்டவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நான் கூடாது என்பேன். கோட்டைக்குக் கிட்டத்தான் எங்கள் பொது நூலகம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. இன்று வெள்ளை வெளேரென்று அழகாக நிற்கிறது, ஆனால் வெளியிலிருந்து வாற ஒரு பிள்ளைக்கு அந்தச் சுவரைப் பார்த்து என்ன விளங்கும்? எரிந்ததற்கு ஓர் அடையாளமும் கண்ணில் படாது. நூலகத்தை மீளக் கட்டத்தான் வேண்டியிருந்தது, எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும். தேவாலயத்துக்கு அந்த அவசரம் இல்லை. அந்தக் கற்கள் அப்படியே கிடக்கட்டும். பக்கத்தில், 1990இல் இங்கே என்ன நடந்தது, இந்த மதிலுக்குள் சிறைச்சாலையும் தூக்குமேடையும் இருந்தன என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒளிக்காமல் எழுதி வைக்கட்டும். சோழர் கல்வெட்டின் படத்தையும் வாசகத்தையும் கோட்டை வாசலிலேயே, உள்ளே வாற ஆளின் கண்ணில் முதலில் படும்படி வைக்கட்டும். யாழ். பல்கலைக்கழகத்தில் வரலாறும் தொல்லியலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சனி ஞாயிறில் அவர்களை வைத்துக் கதை சொல்விக்கலாம், கைச்செலவுக்கும் ஏதாவது கொடுக்கலாம்.

ஆசிரியர்மாருக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றால் சீகிரியா, கண்டி, நுவரெலியா என்று விடிய வெள்ளன பஸ் ஏறுகிறோம். போங்கோ, அதுவும் பார்க்கவேண்டியதுதான். இந்தத் தவணையில் ஓர் அரை நாளை நாவலர் வீதிக்கும் கோட்டைக்கும் ஒதுக்குங்கோ. பிள்ளைகளிடம் கொப்பியும் பென்சிலும் கொடுத்து அந்த ஏழு வாய்க் குடத்தைக் கீறச் சொல்லுங்கோ.