பீரோ சாவி கேட்கும் எக்ஸ்டென்ஷன்

போலித் தளங்களைத் தடுக்கும் ஒரு சின்ன பிரவுசர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன், காட்பாடி வெயிலில், ஃபேன் அனலை வாரி இறைக்க. கோட் எல்லாம் ஓடுகிறது, அனுமதி கேட்கும் இடத்தில்தான் உயிர் போகிறது. எந்தத் தளம் போலி என்று முன்கூட்டியே தெரியாதே, அதனால் எல்லாத் தளத்துக்கும் அனுமதி வாங்கியாக வேண்டும், வாங்கப்போனால் எல்லா இணையதளத்திலும் உங்கள் தரவை இது படிக்கும், மாற்றும் என்று குரோம் பயமுறுத்துகிறது. சத்துவாச்சாரி சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, திருடனைப் பிடிக்க வந்தவனே பீரோ சாவி கேக்கறான்?" என்றார். நியாயம்தான்.

சரி, திறந்திருக்கும் பக்கத்துக்கு மட்டுமான 'ஆக்டிவ்டேப்' அனுமதி போதும் என்றால், பயனர் எக்ஸ்டென்ஷனின் ஐகானையோ ஷார்ட்கட்டையோ அழுத்துவது மாதிரி ஏதாவது செய்தால்தான் அது வேலை செய்யும். ஏமாறப்போகிறவர் எங்கே அழுத்தப்போகிறார்? இப்போதைக்குக் குறைவாகக் கேட்டு, அப்புறம் அப்டேட்டில் சேர்க்கலாம் என்றாலும் வம்பு: எச்சரிக்கை வரக்கூடிய புது அனுமதி கட்டாயமாகச் சேர்ந்தால், அவர் ஒப்புக்கொள்ளும்வரை குரோம் எக்ஸ்டென்ஷனையே அணைத்து வைத்துவிடும். சித்தப்பா அதைக் கவனிக்கவே ஒரு மாதம் ஆகும்.

இதே மனிதர்தான், டார்ச் ஆப் ஒன்று கான்டாக்ட் லிஸ்ட் கேட்டபோது படிக்காமலே 'அலவ்' அழுத்தியவர்.