சிசியை மட்டும் சொல்லி மெஷின் விற்காதீர்கள்

மழைக்குப் பிறகு தென்னந்தோப்பில் கோரையும் பார்த்தீனியமும் முழங்கால் உயரம் நிற்கின்றன. வெட்ட ஆள் கிடைப்பதில்லை. சரி, களை வெட்டும் பெட்ரோல் மெஷின் வாங்கலாம் என்று போனால் எந்தக் கடையிலும் ஒரே பேச்சு: "52 சிசி சார், பவரைப் பாருங்க." கார்புரேட்டர் அடைத்தால் யார் சரி செய்வார்கள், ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் ஸ்பேர் இங்கேயே கிடைக்குமா என்று கேட்டால் பதிலே வராது.

முன்பு வாங்கியது டூ ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய இன்ஜின். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "கொஞ்சம் ஊத்துங்க" என்றார் கடைக்காரர். கொஞ்சமா? 40:1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும். குறைந்தால் இன்ஜினே போய்விடும். என்னுடையது இரண்டாவது மாதமே ஜாம் ஆனது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் நீளநீளமாகக் கீறல். வயிறு எரிந்தது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்தக் கலவைத் தொல்லை இல்லை, ஆனால் பெரும்பாலும் எடை கூடுதல். இரண்டு மணி நேரம் சுமக்கப்போவது என் தோள். அப்புறம், ஒருமுறை மாட்டிப் பார்க்கிறேன் என்றால், பெட்டியைப் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டுமாம்!